கொலைகாரன் யார் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்

மார்ச் 5, புதன்

ஒன்பதேகாலுக்கு ரிமோட்டைக் கையில் எடுத்தேன். பத்து மணிக்கும் முகப்புப் படங்களைத்தான் தள்ளிக்கொண்டிருந்தேன். அணைத்துவிட்டுப் படுத்தேன்.

மார்ச் 6, வியாழன்

காலையெல்லாம் நகைக்கடன் புதுப்பித்தல். பிற்பகல் முழுக்கத் தவணை கட்டாதவர்களுக்குத் தொலைபேசி. மாலையில் கணக்கு முடித்து, பெட்டகத்தைப் பூட்டி, ஆளுக்கொரு சாவியோடு கிளம்பும்போது மணி எட்டு. வீட்டுக்கு வந்தால் தோசையா உப்புமாவா என்று தீர்மானிக்கவே தெம்பில்லை. அந்த நேரம் பார்த்து இந்த ஓடிடி தளங்கள் கடை விரித்துக்கொண்டு எது வேண்டும், எது வேண்டும் என்கின்றன. துணிக்கடையில் கூட ஒரு பெண் வந்து இரண்டு புடவையை எடுத்துப் போட்டு, இது உங்களுக்கு எடுப்பாக இருக்கும் என்று பொய்யாவது சொல்வாள்.

வேண்டாதவற்றையாவது தீர்மானித்துவிட்டேன். மருத்துவமனை வரும் எதுவும் வேண்டாம். ஹவுஸ் தொடரை ஒரு காலத்தில் விழுந்து விழுந்து பார்த்தவள்தான் நான். எட்டு சீசன், 177 பாகம். அதில் டாக்டர்கள் முதலில் சொல்லும் நோய் பெரும்பாலும் தவறாகத்தான் இருக்கும். இரண்டாவதும் தவறாக இருக்கும். கடைசிப் பத்து நிமிடத்தில்தான் டாக்டர் ஹவுஸுக்குப் பொறி தட்டும். அப்போது அது சுவையாக இருந்தது. நவம்பர் ஸ்டோரியை ஆரம்பித்து நிறுத்தினேன். அப்பாவுக்கு மறதி நோய், மகள் அல்லாடுகிறாள். தமன்னா நன்றாகவே நடித்திருக்கிறார். இப்போது வேண்டாம்.

மார்ச் 8, சனி

இரண்டாம் சனி, விடுமுறை என்று பெயர். பதினொன்றிலிருந்து நான்கு வரை கிளையில்தான் இருந்தேன்.

வரும் வழியில் தட்டுவடை செட். தட்டுவடை மேல் சிவப்புச் சட்னி, பச்சைச் சட்னி, ஒரு பிடி கேரட், பீட்ரூட் துருவல், வெங்காயம், அதற்கு மேல் இன்னொரு தட்டுவடை. கடைக்கார அம்மா என் முகத்தைப் பார்த்ததும் கட்ட ஆரம்பித்துவிடுகிறாள். காரம் கூடவா குறைவா என்று கூடக் கேட்பதில்லை. சேலத்தில் எனக்கு மிகவும் பிடித்த மனுஷி.

இரவு மிட்நைட் டைனர், ஜப்பானியத் தொடர். டோக்கியோவின் ஒரு சந்தில் நள்ளிரவு பன்னிரண்டுக்குத் திறந்து காலை ஏழுக்கு மூடும் சின்னச் சாப்பாட்டுக் கடை. பட்டியலில் இருப்பது ஒரே ஒரு உணவுதான். ஆனால் வேறு என்ன கேட்டாலும், கைவசம் பொருள் இருந்தால் செய்து கொடுத்துவிடுவார் முதலாளி. ஒரு பாகம் அரை மணி நேரம் கூட இல்லை. கண்ணில் நீளத் தழும்பு இருக்கும் அந்த மனிதர் அதிகம் பேசுவதும் இல்லை. முதல் பாகம் முடிந்ததும் நிம்மதியாகத் தூக்கம் வந்தது. கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

மார்ச் 10, திங்கள்

கிடைக்கவில்லை. அந்தக் கடைக்கும் யாராவது ஒருவர் அம்மா கைச்சாப்பாட்டைத் தேடிக்கொண்டு வந்துவிடுகிறார்.

மார்ச் 11, செவ்வாய்

அம்மா வழக்கம்போல ஒன்பது மணி சீரியல் முடிந்தபிறகுதான் கூப்பிட்டாள். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சீரியலில் மருமகளின் தாலியை ஒளித்துவைத்தது சின்ன நாத்தனார்தானாம். தனக்கு முதல் நாளே தெரியுமாம். கோலங்கள் ஓடிய காலத்திலும் இப்படித்தான், 2003 முதல் 2009 வரை. அபி அடுத்து என்ன செய்யப்போகிறாள், ஆதி என்ன சதி வைத்திருக்கிறான் என்பதையெல்லாம் அம்மா இரவே அப்பாவிடம் ஒப்பித்துவிடுவாள். பாதி சரியாகவும் இருக்கும். 1,500 பாகங்களுக்கு மேல் ஓடிய கதையை அவள் ஒரு நாள் கூட விடவில்லை. அத்தை இறந்த வாரத்தில் பார்க்காததைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

தம்பியிடம் கொடு என்றேன். அவன் திண்ணைக்குப் போய்ப் பேசினான். அம்மாவின் பரிசோதனைக் கண்ணாடி வில்லைகளை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாயிற்று, இன்னொரு முறை பார்த்துச் சொல்வார்கள் என்றான். எப்போது என்று கேட்டேன். சொல்வார்கள் என்றான்.

மார்ச் 14, வெள்ளி

புதிதாகச் சேர்ந்திருக்கும் கிளார்க் பையன் தொடர்களில் கரை கண்டவன். சுழல் இரண்டாம் சீசன் வந்து இரண்டு வாரமாகிவிட்டது, இன்னுமா பார்க்கவில்லை என்றான். நேற்று வேறு அடோலசென்ஸ் என்று ஒன்று வந்திருக்கிறதாம். நான்கே பாகம், ஒவ்வொன்றும் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் எடுத்தது, மிரண்டுவிடுவீர்கள் மேடம் என்றான். மிரள்வதற்கு நான் ஏன் இரவில் வீட்டுக்குப் போக வேண்டும்? அதைக் கிளையிலேயே செய்யலாம்.

கேட்ட பாவத்துக்குப் பத்து நிமிடம் பார்த்தேன். விடிகாலையில் போலீஸ் ஒரு வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு போய்ப் பதின்மூன்று வயதுப் பையனைக் கைது செய்கிறது. வெட்டே இல்லாததால் நமக்கும் மூச்சுவிட இடமில்லை. அபாரமான வேலை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். என்ன நடந்தது என்று தெரியாத முகம் அது.

சுழல் முதல் சீசன் எனக்குப் பிடித்திருந்தது. மயானக் கொள்ளைத் திருவிழாவோடு கதையை அவ்வளவு அழகாகக் கோத்திருந்தார்கள். ஆனால் ஒவ்வொரு பாகத்தையும் ஒரு கொக்கியில் தொங்கவிட்டு முடிப்பார்கள். ஏற்கெனவே ஒன்று தொங்கிக்கொண்டிருக்கிறது.

மார்ச் 15, சனி

வேலூரிலிருந்து ஒன்றும் இல்லை.

மார்ச் 17, திங்கள்

தலைமைக் காசாளர் மே மாதம் ஓய்வு பெறுகிறார். கிளையில் யார் என்ன பேசினாலும் காதில் வாங்காதவர்போல நோட்டு எண்ணிக்கொண்டிருப்பார். இன்று மாலை ஒரு மஞ்சள் பையை என் மேசையில் வைத்தார். உள்ளே பழைய டிவிடி பிளேயர் ஒன்று, எந்த நாட்டுத் தட்டும் ஓடுமாம். கூடவே ஒரு டிவிடி பெட்டி. கொலம்போ என்ற பழைய அமெரிக்கத் துப்பறியும் தொடர், முதல் சீசன்.

‘பெரிய பையன் வாங்கி அனுப்பியது மேடம். இதில் யார் கொலை செய்தது என்பதை முதலிலேயே காட்டிவிடுவான். பதற்றமே கிடையாது’ என்றார்.

நான் அவரிடம் எதுவும் சொன்னதில்லை.

மார்ச் 18, செவ்வாய்

இணைப்பு வயரைச் சரியான துளையில் செருகவே அரை மணி நேரம் ஆனது. சிவப்பு, வெள்ளை, மஞ்சள். பத்து வருடத்துக்கு முன் கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை.

முதலில் இருப்பது 1968இல் தனிப் படமாக எடுத்தது. ஒரு மனநல மருத்துவர் மனைவியைக் கொல்கிறார். திட்டம் போடுவது, கொல்வது, தடயத்தை மறைப்பது, ஊரில் இல்லாததுபோலக் காட்டிக்கொள்வது என எல்லாம் நம் கண் முன்னாலேயே நடக்கின்றன. துப்பறியும் ஆளான கொலம்போ வரவே அரை மணி நேரம் ஆகிறது. கசங்கிய மழைக்கோட்டு, சுருட்டு, எப்போதும் எதையோ மறந்துவிட்டவர்போல ஒரு தேடல். விடைபெற்றுக்கொண்டு வாசல்வரை போவார். கொலைகாரன் மூச்சை விடும் நேரத்தில் திரும்புவார். ஒரே ஒரு விஷயம் மட்டும் கேட்க வேண்டும் என்பார். என் மனைவிக்கு உங்களை ரொம்பப் பிடிக்கும் என்பார். அந்த மனைவியைக் கடைசிவரை காட்ட மாட்டார்களாம்.

மருத்துவர் வருகிறார்தான். ஆனால் அவர் கொலைகாரர், அதனால் பரவாயில்லை.

யார், ஏன், எப்படி என்ற மூன்றும் தெரிந்துவிட்டன. மிச்சமிருப்பது எங்கே வழுக்கினான் என்பது மட்டும். அதற்காக ஒன்றரை மணி நேரம் உட்கார முடிகிறது. நகத்தைக் கடிக்கவில்லை. நடுவில் எழுந்து பால் காய்ச்சினேன், எதையும் தவறவிட்ட உணர்வு இல்லை. முடிந்ததும் அடுத்த பாகம் தொடங்க ஐந்து, நான்கு, மூன்று என்று எதுவும் எண்ணவில்லை. திரையில் டிவிடியின் பட்டியல் வந்து நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

மார்ச் 20, வியாழன்

இன்று நான் அம்மாவுக்குக் கதை சொன்னேன். இரண்டு எழுத்தாளர்கள் கூட்டாகத் துப்பறியும் நாவல் எழுதுகிறார்கள். உண்மையில் எழுதுபவர் ஒருவர்தான், இன்னொருவர் பேட்டி கொடுப்பதோடு சரி. எழுதுகிறவர் பிரிந்துபோகிறேன் என்றதும் மற்றவர் அவரைத் தீர்த்துவிடுகிறார். 1971இல் வந்தது, இயக்கியவர் ஸ்பீல்பெர்க். அப்போது அவருக்கு 24 வயது. முதல் காட்சியில் ஒரு கார் சாலையில் வந்துகொண்டிருக்கிறது. கார் சத்தம் இல்லை, பின்னணி இசை இல்லை, டைப்ரைட்டர் தட்டும் ஓசை மட்டும்தான். வருகிறவன் கொல்ல வருகிறான், தட்டுகிறவன் சாகப்போகிறான் என்பது சொல்லாமலே விளங்கிவிடுகிறது.

‘கொன்றது யார்?’ என்றாள் அம்மா.

‘அதைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே அம்மா. பேட்டி கொடுக்கிறவன்.’

‘முதலிலேயே தெரிந்தால் பிறகு எதற்கு உட்கார்ந்து பார்க்கிறாய்?’

பதிலுக்கு நான் கேட்டேன். சனிக்கிழமை கத்தியைத் தூக்கிய இடத்தில் தொடரும் போட்டுவிடுகிறார்கள், நீ எப்படித் திங்கட்கிழமை வரை பொறுத்திருக்கிறாய் என்று.

‘ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தால் குழம்பு யார் வைப்பது?’ என்றாள்.

மார்ச் 21, வெள்ளி

24, 25 வேலைநிறுத்தம் தள்ளிவைப்பு. இரண்டு நாள் அம்மாவைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று டிக்கெட் போட்டிருந்தேன். ரத்து.

கிளார்க் பையனுக்கு இன்று செவரன்ஸ் இரண்டாம் சீசனின் கடைசிப் பாகம். அலுவலக நினைவு வீட்டுக்கு வராது, வீட்டு நினைவு அலுவலகத்துக்குள் நுழையாது. மூளையில் அப்படி ஒரு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் கதை. அதை வேலை முடிந்து வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறான். எனக்கு அந்த அறுவை சிகிச்சையை எங்கே செய்கிறார்கள் என்று மட்டும் சொன்னால் போதும் என்றேன். அவன் சிரிக்கவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

சேப்பாக்கத்தில் சென்னையும் மும்பையும். மாடி வீட்டில் ஒவ்வொரு விக்கெட்டுக்கும் உத்தரம் அதிர்ந்தது. எரிச்சலாக இருந்தது, எல்லார் மீதும்.

மார்ச் 25, செவ்வாய்

அந்த மனிதர் சாய்த்துப் பார்க்கும் பார்வை ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். இன்று கைபேசியில் பார்த்தேன். கொலம்போவாக நடித்த பீட்டர் ஃபாக்கின் வலது கண் செயற்கைக் கண். மூன்று வயதில் கண்ணில் கட்டி. நான் இந்த வீட்டில் வாய்விட்டுச் சொல்லாமல் வைத்திருக்கும் அந்த வார்த்தை, கைபேசியில் பளிச்சென்று இருந்தது. கண்ணையே எடுத்துவிட்டார்கள்.

1930ஆம் ஆண்டு வாக்கில். அப்போது என்ன மருத்துவம் இருந்திருக்கும்? ஸ்கேன் ஏது? 1927இல் பிறந்தவர், 2011இல்தான் இறந்தார். 83 வயது. நடித்தார், படம் வரைந்தார், ஒற்றைக் கண்ணோடு உலகம் முழுக்கத் தெரிந்த துப்பறிவாளர் ஆனார். அந்த மழைக்கோட்டு கூட அவருடைய சொந்தக் கோட்டுதானாம்.

சிறுபிள்ளைக்கு வருவது வேறு, அறுபத்தெட்டில் வருவது வேறு. எனக்குத் தெரியும். தம்பி சொல்ல வேண்டியதில்லை.

மார்ச் 27, வியாழன்

ரொக்கத்தில் 500 ரூபாய் குறைந்தது. ஏழரை வரை யாரும் நகரவில்லை. தலைமைக் காசாளர் ஒவ்வொரு கட்டாகப் பிரித்து, ஈர ஸ்பாஞ்சில் விரலைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். இயந்திரம் மூன்று முறை சரி என்று சொன்ன கட்டில், இரண்டு நோட்டு ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தன. யாரோ பாயசமோ சர்பத்தோ சிந்திய நோட்டு. நகத்தால் பிரித்துக் காட்டினார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

இரவு பார்த்ததும் அப்படித்தான். ஓவிய விமர்சகன் ஒருவன் மாமாவைக் கொன்று ஓவியங்களைத் திருடுகிறான். பழியைப் போட அத்தை வீட்டில் அவற்றை ஒளித்து வைக்கிறான். படங்கள் கிடைத்ததும், கைரேகை பாருங்கள் என்கிறார் கொலம்போ. அத்தையின் ரேகை என்று அவன் நினைக்கிறான். இல்லை, என்னுடைய ரேகை என்கிறார். முன்பு ஒரு நாள் அவன் வீட்டில், அவன் கையிலிருந்த படத்தை எதேச்சையாகத் தொட்டுப் பார்த்தவர் அவர். இப்போதுதான் தொட்டாய், இந்த நிமிடம்தான் தொட்டாய் என்று கத்துகிறான். அவர் இரண்டு கையையும் கோட்டுப் பையிலிருந்து எடுக்கிறார். கையுறை போட்டிருக்கிறார்.

வசனம் ஒன்றும் இல்லை. படம் அங்கேயே முடிந்துவிடுகிறது. இரண்டு முறை பார்த்தேன். மூன்றாவது முறை அந்தக் கைகளை மட்டும்.

மார்ச் 29, சனி

83.

மார்ச் 31, திங்கள்

ரம்ஜான் விடுமுறை. ஆனாலும் அரசுக் கணக்குகளுக்காகத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டது ரிசர்வ் வங்கி. எதிர்க்கடை பாய் அனுப்பிய பிரியாணியை நின்றுகொண்டே சாப்பிட்டோம். பதினொன்றரைக்கு வீடு. ஒன்றும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. அதுவே ஒரு விடுதலை போலத்தான் இருந்தது.

ஏப்ரல் 1, செவ்வாய்

பொதுமக்களுக்கு வங்கி இல்லை, எங்களுக்கு உண்டு.

அம்மாவின் குரல் கம்மியிருந்தது. சளி என்றாள். தம்பி பேசவில்லை, வெளியே போயிருக்கிறான் என்றாள். ஆனால் பின்னால் அவன் இருமியது கேட்டது. விட்டுவிட்டேன். இன்று எந்தக் கதை என்று அவளே கேட்டாள். கட்டடக் கலைஞன் ஒருவன் கொலை செய்துவிட்டு, தான் கட்டும் கட்டடத்தின் தூணுக்கடியிலேயே பிணத்தைப் புதைக்க நினைக்கிறான் என்றேன். கண்டுபிடிப்பாரா என்றாள். கண்டுபிடிப்பார் என்றேன். எல்லாவற்றிலும் கண்டுபிடித்துவிடுவாரா என்றாள்.

ஏப்ரல் 3, வியாழன்

பெட்டக அறையில் கைபேசி எடுக்காது. வெளியே வந்து பார்த்தால் தம்பியிடமிருந்து நான்கு தவறிய அழைப்புகள். மதியம் பேசினேன்.

இரவு பஸ்ஸுக்குத் திருநெல்வேலி டிக்கெட் கிடைத்துவிட்டது. மேலாளர் ஒரு வாரம் என்றார், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். மஞ்சள் பையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். தலைமைக் காசாளர் வாங்க மறுத்துவிட்டார். ஊருக்கு எடுத்துப் போங்கள், அம்மாவுக்குப் போட்டுக் காட்டுங்கள் என்றார். தமிழில் இல்லையே சார் என்றேன். நீங்கள்தான் பக்கத்தில் இருப்பீர்களே மேடம் என்றார்.

சிவப்பு, வெள்ளை, மஞ்சள் வயர் தம்பி வீட்டு டிவியில் சேருமா தெரியவில்லை. அவனிடம் கேட்க வேண்டும். பஸ் ஒன்பதரைக்கு