புல்லட் பிளாக்கில் முக்கால் மில்லி

அப்பாவின் 1979 மாடல் புல்லட் 350 இப்போது 0.75 ஓவர்சைஸ் பிஸ்டனில், அதாவது கம்பெனி அளவைவிட முக்கால் மில்லி பெரிய பிஸ்டனில், ஓடுகிறது. 0.50-இலேயே நின்றிருக்க வேண்டிய வண்டி. ஒரு படி ஏன் கூடுதலாகப் போயிற்று என்பதை எழுதி வைக்கிறேன், பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டைப் பிரித்துப்போட்டிருக்கும் யாருக்காவது உதவும்.

போன வருஷக் கடைசியில் புகை ஆரம்பித்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் கொஞ்சம் நீலப் புகை, அப்புறம் கியர் மாற்றி ஆக்சிலேட்டரை முறுக்கும்போதெல்லாம் பின்னால் வருகிறவர் கண்ணைத் தேய்க்கும் அளவுக்குப் புகை. கிக்கரில் காலை வைத்து அழுத்தினால் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஷர் லீவரைப் பிடிக்காமலேயே சும்மா இறங்கியது. ஹெட்டைக் கழற்றிப் பார்த்தோம். பிஸ்டன் ஓடும் சிலிண்டரான பிளாக்கின் மேல் விளிம்பிலிருந்து கொஞ்சம் கீழே, மேல் ரிங் ஏறி நிற்கும் இடத்தில், விரல் நகம் தட்டுகிற மாதிரி ஒரு படி விழுந்திருந்தது. டயல் கேஜ் வைத்து உள்விட்டத்தை அளந்தால் அந்தப் படிக்குக் கீழே முன்-பின் வாக்கில் 70.28, அடியில் 70.05. கம்பெனி அளவு 70 மில்லி. சூடும் அழுத்தமும் அதிகம், எண்ணெய் குறைவு, அதனால் தேய்மானம் மேலேதான் கூடுதலாக இருக்கும். 70.28 தேய்ந்த பிறகு 0.25 பிஸ்டனுக்கு வழியில்லை, 0.50 போட்டால் சுத்தமாக வந்துவிடும். அந்த முடிவில் தப்பில்லை.

இந்த இடத்தில் பட்டறையில் பக்கத்தில் நின்ற ஒருவர் சொன்னார்: "எதுக்குங்க அரை மில்லி, ஒரேயடியா ஒரு மில்லி போட்டுடுங்க, பிக்கப் நல்லா வரும்." நிறையப் பேர் இதை நம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 70 மில்லி போர் (அந்த உள்விட்டம்), 90 மில்லி ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம்), அது 346 சி.சி. போரை 71 ஆக்கினால் 356. மொத்தமே 10 சி.சி. கூடுகிறது, நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. ரீபோர் செய்த வண்டி துள்ளிக்கொண்டு போவதற்குக் காரணம் ரிங் மறுபடி சுவரோடு ஒட்டி அழுத்தத்தைப் பிடிப்பதுதான். அது 0.25 போட்டாலும் வரும், 1.00 போட்டாலும் வரும். பிளாக்கில் இருக்கும் இரும்போ ஒருமுறை சீவினால் திரும்ப வராது. 0.25, 0.50, 0.75, 1.00, அதோடு படி முடிந்தது, அப்புறம் உள்ளே ஸ்லீவ் என்ற புதுக் குழாயை அடிக்க வேண்டும். தேய்மானம் மறைவதற்கு எது குறைந்தபட்ச அளவோ அதை மட்டும்தான் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்த பிளாக் திருவொற்றியூரில் வார்த்து வந்த காலத்து இரும்பு, அதை அவசரத்துக்குச் செலவழிக்க எனக்கு மனசு வரவில்லை.

நிஜமாகவே சி.சி. கூட வேண்டும் என்றால் அது வேறு வேலை. 500 புல்லட்டின் ஸ்ட்ரோக்கும் இதே 90 தான், போர் மட்டும் 84. அந்த 90 மில்லி ஸ்ட்ரோக்கிலேயே 87 மில்லி பிஸ்டன் வந்தால் 535 சி.சி. ஆகிறது. ஆனால் 350-இன் கிராங்க் கேஸ் (பிளாக் உட்காரும் அடிப்பெட்டி) வாயில் 500 பிளாக் அப்படியே உட்காராது, வாயைக் கடைந்து பெரிதாக்க வேண்டும், கனமான பிஸ்டனுக்கு ஏற்ப கிராங்கின் பேலன்ஸ் பார்க்க வேண்டும், போதாததற்கு ஆர்.சி.யில் இருக்கும் சி.சி.யும் மாறிவிடும், அது சட்டப்படி வம்பு. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

சரி, நடந்ததற்கு வருகிறேன். 0.50 பிஸ்டன் செட் வந்து சேர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். அதற்குள் பிளாக்கைப் போரிங்குக்குக் கொடுத்துவிடலாம் என்று ஒரு பட்டறையில் விட்டேன். அவர்கள் பிஸ்டனைக் கேட்கவில்லை, 70.50-க்குக் கச்சிதமாக அடித்துக் கொடுத்துவிட்டார்கள். நானும் பளபளவென்று இருந்த போரைப் பார்த்துத் திருப்தியாக வாங்கி வந்தேன். பிஸ்டன் வந்தது, மாட்டினோம், வண்டி முதல் கிக்கில் எடுத்தது. ஊருக்குள் ஒரு வாரம் ஓட்டினேன், எந்தக் குறையும் தெரியவில்லை.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருச்சியிலிருந்து மதுரை ரோட்டில் கிளம்பினேன். விராலிமலைக்குக் கொஞ்சம் முன்னால், எழுபதில் போய்க்கொண்டிருக்கும்போது இன்ஜின் சத்தம் திடீரென்று கம்மியது, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுக்கிற மாதிரி வண்டி தயங்கியது, கிளட்சைப் பிடிப்பதற்குள் பின் சக்கரம் ஒரு முழம் தேய்த்துவிட்டது. பிஸ்டன் பிடித்துவிட்டது. ஓரமாக ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆறிய பிறகு கிக்கர் இறங்கியது, ஸ்டார்ட்டும் ஆனது, ஆனால் உள்ளே கலகலவென்று ஒரு சத்தம். முப்பதிலேயே ஊர்ந்து வீட்டுக்கு வந்தேன். அப்பா திண்ணையில் இருந்து எழுந்து வந்து, சத்தத்தைக் கேட்டுவிட்டு, "ஆஃப் பண்ணுப்பா" என்று மட்டும் சொன்னார்.

பிரித்துப் பார்த்தால் பிஸ்டன் பாவாடையின் (ரிங்குகளுக்குக் கீழே உள்ள சுவர்) முன்னும் பின்னும் உராய்ந்து, அந்த அலுமினியம் பிளாக் சுவரில் ஈயம் பூசின மாதிரி அப்பிக் கிடந்தது. மைக்ரோமீட்டரில் பிஸ்டனை அளந்தபோது 70.47. போர் 70.50. நடுவில் இடைவெளி வெறும் 0.03, ஒரு தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மட்டும்தான். சூடேறினால் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். காற்றில் மட்டும் குளிர்கிற இந்த இன்ஜினில் அது விரிந்து போக இடமே இல்லை. பிஸ்டன் தலையில் 0.50 என்று குத்தியிருப்பதை நம்பி அதே எண்ணுக்குப் போர் அடிக்கக் கூடாது, கையில் இருக்கும் பிஸ்டனை அளந்து, அதோடு இடைவெளியைக் கூட்டித்தான் அடிக்க வேண்டும்.

அடுத்த முறை வேறொரு பட்டறைக்குப் போனேன், நாற்பது வருஷமாகப் போரிங் மெஷினில் நிற்கும் பெரியவர். கையில் பிளாக்கைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பிஸ்டன் எங்க தம்பி? அது இல்லாம நான் மெஷின்லயே ஏத்த மாட்டேன்." உராய்ந்த பிளாக் இனி 0.50-இல் நிற்காது என்பதால் 0.75 செட்டோடு மறுபடி போனேன். பிஸ்டன் முழு வட்டம் இல்லை, கொஞ்சம் முட்டை வடிவம், மேலே ஒடுங்கி அடியில் அகலம். அதனால் பிஸ்டன் பின்னுக்கு (பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு சேர்க்கும் கம்பி) குறுக்குவாட்டில், பாவாடையின் அடிப்பக்கமாக மைக்ரோமீட்டரை வைத்தார். 70.73. நாலு தௌ, அதாவது பத்தில் ஒரு மில்லி இடைவெளி சேர்த்து 70.83 என்று சாக்பீஸால் பிளாக்கின் துடுப்பில் எழுதினார். போர் அடித்த பிறகு ஹோனிங் கல்லை மேலும் கீழும் ஓட்டி, சுவரில் குறுக்கும் நெடுக்குமாகக் கோலக் கட்டம் மாதிரி மெல்லிய கீறல்கள் விழச் செய்தார். எண்ணெய் நிற்பதும் ரிங் படிவதும் அந்தக் கீறலில்தான்.

வீட்டில் பிளாக்கைச் சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்தேன். பெட்ரோலில் கழுவினால் ஹோனிங் தூள் கீறலுக்குள்ளேயே தங்கிவிடும், வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வரும்வரை சோப்புதான். உடனே எண்ணெய் தடவிவிட வேண்டும், இல்லையென்றால் கண்ணெதிரிலேயே துரு ஏறும். ஒவ்வொரு ரிங்கையும் போருக்குள் இறக்கி, பிஸ்டன் தலையால் தள்ளி நேராக்கி, ரிங்கின் இரண்டு முனைக்கும் நடுவே உள்ள வாய் இடைவெளியைப் பார்த்தேன். ஒரு அங்குலப் போருக்கு நாலு தௌ என்பது பழைய கணக்கு, இதற்குப் பதினொன்று வரும். மேல் ரிங் எட்டுதான் காட்டியது, மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்துச் சரிசெய்தேன். கிராங்க் கேஸ் வாயில் துணி அடைத்துக்கொண்டுதான் பிஸ்டன் பின் நழுவாமல் பிடிக்கும் லாக்கைப் போட்டேன், லாக் புதுசு, பழையதைத் திரும்பப் போடவே கூடாது. வால்வைத் திறக்கும் டேப்பெட் குளிர்ந்த நிலையில் இடைவெளி இல்லாமல், புஷ் ராடு மட்டும் விரலால் உருட்டினால் சுற்றும்படி.

முதல் 500 கிலோமீட்டர் நாற்பத்தைந்தைத் தாண்டவில்லை. ஒரே வேகத்தில் இழுக்காமல் ஏற்றி இறக்கி ஓட்டினேன், இருபது கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி ஆறவிட்டேன். முதல் ஓட்டம் முடிந்து ஆறியதும் ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்கினேன். இப்போது 1,400 ஓடியாகிவிட்டது, புகை இல்லை, ஆம்பியர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து லீவரைப் பிடித்து ஒரே கிக், எடுத்துவிடுகிறது. நேற்று அப்பா ஸ்ரீரங்கம் வரை ஓட்டிவிட்டு வந்தார்.

துடுப்பில் சாக்பீஸ் எழுத்து அழிந்துவிடும் என்பதால் 70.83 என்று ஆர்.சி. உறைக்குள் ஒரு சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இனி மிச்சம் 1.00 ஒன்றுதான். 70-இலிருந்து மாறாத, போர் அடிக்காத பழைய 350 காஸ்ட் அயர்ன் பிளாக் யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து அளந்து பார்த்து வாங்கிக்கொள்கிறேன்.