கனடாவின் பயிர் ஆராய்ச்சி: பலம் எங்கே இருக்கிறது?

வேளாண் உயிரித் தொழில்நுட்பம் என்றதும் நம்மில் பலருக்கு அமெரிக்க விதை நிறுவனங்களும் பி.டி. பருத்தியும்தான் நினைவுக்கு வரும். கனடாவின் பெயர் அவ்வளவாக அடிபடுவதில்லை. ஆனால் அந்நாட்டின் சஸ்காட்செவன் மாகாணத்திலுள்ள சஸ்கட்டூன் என்ற நடுத்தர நகரம், பயிர் ஆராய்ச்சியில் உலகின் முன்வரிசை மையங்களில் ஒன்று. மரபணு மாற்றுப் பயிர்கள் சந்தைக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, அரசுச் செலவில் நடந்த பொறுமையான ரக ஆராய்ச்சியில் அந்தப் பலம் உருவாகிவிட்டது என்பதும், பின்னர் வந்த தனியார் தொழில் அந்த அடித்தளத்தின் மேல் எழும்பியதே என்பதும் என் கருத்து.

இதற்குச் சரியான சான்று கனோலா என்னும் எண்ணெய்வித்துப் பயிர். இரண்டாம் உலகப் போரின்போது கப்பல்களின் நீராவி இயந்திரங்களுக்கு மசகு எண்ணெய் தேவைப்பட்டதால், கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ரேப் என்னும் பயிர் கனடாவின் மேற்குச் சமவெளிகளில் பரவியது. போர் முடிந்து, நீராவி இயந்திரங்களும் வழக்கொழியத் தொடங்கியதும் அந்த எண்ணெய்க்கான தேவை சரிந்தது. உணவுக்குப் பயன்படுத்தலாம் என்றால் இரண்டு குறைகள் குறுக்கே நின்றன. இதயத்துக்குக் கேடு என்று அஞ்சப்பட்ட எரூசிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலம் எண்ணெயில் மிகுதியாக இருந்தது. புண்ணாக்கில் இருந்த குளுக்கோசினோலேட் என்னும் காரச் சேர்மங்கள் கால்நடைத் தீவனத்துக்கு ஒவ்வாதவையாக இருந்தன.

முதல் குறையைக் களைய சஸ்கட்டூனில் பயிர் ரகங்களை உருவாக்கும் ஆராய்ச்சியாளரான கீத் டவுனியும் அவருடைய சகாக்களும் கையாண்ட முறை இன்றும் என்னை வியக்க வைக்கிறது. ஒரு விதையில் எரூசிக் அமிலம் எவ்வளவு இருக்கிறது என்று அறிய அதை நசுக்கி எண்ணெய் எடுத்தாக வேண்டும். நசுக்கிவிட்டால் விதைக்க எதுவும் மிஞ்சாது. எனவே, கடுகளவே உள்ள அந்த விதையை ஊறவைத்து, அதன் இரு வித்திலைகளில் வெளிப்புறம் இருப்பதை மட்டும் வெட்டியெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முளைக்கருவோடு ஒட்டியிருந்த மறுபாதி பத்திரப்படுத்தப்பட்டது. வாயு நிறப்பகுப்பி என்னும் பகுப்பாய்வுக் கருவியில் அந்தச் சிறு துணுக்கின் கொழுப்பு அமிலங்கள் அளக்கப்பட்டு, எரூசிக் அமிலம் குறைவு என்று தெரியவந்த விதைகளின் மறுபாதிகள் மட்டும் நட்டு வளர்க்கப்பட்டன. 1963-இல் வெளியான இந்த ‘அரைவிதை’ முறையால், ஒரு தலைமுறை முழுவதும் வளர்த்து அறுவடை செய்த பிறகே கிடைக்கக்கூடிய தகவல், விதைப்பதற்கு முன்பே கைக்குக் கிடைத்தது. அந்தப் பகுப்பாய்வுக்குத் துணைநின்ற தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் ஆய்வகமும், டவுனி பணியாற்றிய வேளாண் துறை நிலையமும் ஒரே பல்கலைக்கழக வளாகத்தில் இருந்தன என்பது சிறிய செய்தியாகத் தோன்றலாம்; ஆனால் வேதியியலாளரும் ரகம் உருவாக்குபவரும் நடந்தே சென்று பேசிக்கொள்ளும் தொலைவில் இருந்திராவிட்டால் இந்த முறை இவ்வளவு விரைவாகக் கைகூடியிருக்குமா என்பது ஐயமே.

இரு குறைகளும் நீங்கிய முதல் ரகமான ‘டவர்’, மனிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால்டர் ஸ்டெபான்சனின் உழைப்பால் 1974-இல் வெளியானது. இப்படி மேம்பட்ட ரேப் பயிருக்கு 1978-இல் கனோலா என்ற பெயர் பதிவு செய்யப்பட்டது. 1985-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதன் எண்ணெயைப் பாதுகாப்பானது என்று ஏற்றதும் ஏற்றுமதிக்குக் கதவு திறந்தது. இன்று கனடாவில் 2 கோடி ஏக்கருக்கு மேல் கனோலா விளைகிறது. ஆனால் அரைவிதை முறை முதல் 1985-இன் ஏற்பு வரையிலான முன்னேற்றத்தில் மரபணு மாற்றம் இடம்பெறவே இல்லை. களைக்கொல்லியைத் தாங்கும் மரபணு மாற்றுக் கனோலா 1995-இல்தான் வயலுக்கு வந்தது.

வந்த பிறகு நிலைமை வேகமாக மாறியது. களை எடுப்பது எளிதானதால் உழவில்லாச் சாகுபடி பரவி, வறண்ட சமவெளியில் மண்ணின் ஈரம் காக்கப்பட்டது. பெல்ஜியத்தில் உருவான மகரந்தக் கட்டுப்பாட்டு நுட்பத்தால் வீரிய ஒட்டு ரகங்கள் வந்தன. விளைச்சல் உயர்ந்தது, கூடவே ஆண்டுதோறும் விதையை விலைக்கு வாங்கும் பழக்கமும் வேரூன்றியது. காப்புரிமை பெற்ற மரபணு மாற்றுக் கனோலாவை அனுமதியின்றி வளர்த்ததாக பெர்சி ஷ்மைசர் என்ற விவசாயி மீது அமெரிக்க விதை நிறுவனமான மான்சாண்டோ தொடுத்த வழக்கில், 2004-இல் கனடா உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் காப்புரிமை மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தது. ஆனால் அவர் நிறுவனத்துக்குப் பணம் எதுவும் செலுத்த வேண்டியதில்லை என்றும் சொன்னது. பொதுப் பணத்தில் பிறந்த பயிரின் விதைச் சந்தை இன்று ஒருசில பன்னாட்டு நிறுவனங்களின் கையில் இருக்கிறது. இதை வெற்றி என்று மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

பருப்பு வகைகளில் கதை வேறு. சஸ்காட்செவன் பல்கலைக்கழகத்தின் பயிர் மேம்பாட்டு மையம் 1971-இல் தொடங்கப்பட்டது. அங்கு வந்துசேர்ந்த ஆல் ஸ்லிங்கார்டு 1978-இல் வெளியிட்ட ‘லெயர்ட்’ ரகத்திலிருந்துதான் கனடாவின் மைசூர் பருப்புச் சாகுபடி விரிந்தது. இன்று உலகில் அதை அதிகம் ஏற்றுமதி செய்யும் நாடு கனடா. இந்த ஆராய்ச்சிக்கான பணத்தில் கணிசமான பங்கு விவசாயிகளுடையது. விளைச்சலை விற்கும்போது ஒரு சிறு விழுக்காடு பிடித்தம் செய்யப்பட்டு, விவசாயிகளே தேர்ந்தெடுக்கும் அமைப்புக்குச் சென்று, அங்கிருந்து ஆய்வகத்தைச் சேர்கிறது. நம் ஊர் வணிகர்கள் மகமை எடுத்துப் பள்ளியும் கல்லூரியும் கட்டியதைப் போன்ற ஏற்பாடு இது. பணம் கொடுப்பவரே விதைப்பவராகவும் இருப்பதால், எந்த நோய்க்கு எதிர்ப்புத் தேவை, எந்த உயரத்தில் காய் பிடித்தால் அறுவடை இயந்திரத்துக்கு வசதி என்பது போன்ற கேள்விகள் நேரே ஆராய்ச்சியாளரின் மேசைக்கு வந்துவிடுகின்றன. கனடாவிடமிருந்து பிற நாடுகள் எடுத்துக்கொள்ளத் தக்கது இதுதான் என்று நினைக்கிறேன்.

அந்நாட்டின் பலவீனமும் இதே வயல்களில்தான் இருக்கிறது. விளைவதில் பெரும்பங்கை வெளிநாட்டுக்கு விற்றாக வேண்டிய நாடு, வாங்குபவரின் அச்சத்தையும் சேர்த்தே சுமக்க வேண்டியிருக்கிறது. ‘ட்ரிஃபிட்’ என்ற மரபணு மாற்று ஆளி விதை ரகம் ஐரோப்பியச் சந்தைக்கு அஞ்சி 2001-இல் பதிவு நீக்கப்பட்டது. ஆனாலும் 2009-இல் ஐரோப்பாவுக்குச் சென்ற சரக்கில் அதன் தடயம் கிடைத்தது. கனடா ஆளி விதைக்கு அதுவரை இருந்த மிகப்பெரிய சந்தை சட்டென்று மூடிக்கொண்டது. அந்த ரகத்தைத் தொட்டே பார்த்திராத விவசாயிகளும் தங்கள் விதையைச் சோதனைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. களைக்கொல்லி தாங்கும் கோதுமையை மான்சாண்டோ 2004-இல் கைவிட்டதற்கும், ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் வாங்குபவர்கள் காட்டிய எதிர்ப்பே முக்கியக் காரணம்.

கனடாவின் ஒழுங்குமுறை, ஒரு ரகம் எந்த நுட்பத்தில் உருவானது என்று பார்ப்பதில்லை. அதில் புதிய பண்பு ஏதும் இருக்கிறதா என்றே பார்க்கிறது. அறிவியல் நோக்கில் இது நேர்மையான அணுகுமுறை. அதன் தொடர்ச்சியாக, அயல் மரபணு எதுவும் சேராத, மரபணுத் திருத்தம் (பயிரில் ஏற்கெனவே இருக்கும் மரபணுவிலேயே மாற்றம் செய்வது) செய்யப்பட்ட பயிர்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனி அனுமதி தேவையில்லை என்று கனடா உணவு ஆய்வு முகமை 2023 மே மாதத்தில் அறிவித்தது. எந்தெந்த ரகங்கள் அப்படி உருவானவை என்பதைத் தெரிவிக்கும் பொறுப்பு, விதைத் துறையினர் தாமாக முன்வந்து நிரப்பும் பட்டியலுக்கு விடப்பட்டது. இயற்கை விவசாயிகள் அதைக் கட்டாயமாக்கக் கோரினார்கள். அயல் மரபணு இல்லாத திருத்தத்தைச் சரக்கில் சோதித்துக் கண்டுபிடிப்பது மிகக் கடினம் என்பதால், வாங்குபவருக்குக் காட்ட ஆவணத்தைத் தவிர வேறு எதுவும் இருக்காது. ஆளி விதையில் ஒருமுறை பட்ட நாடு அந்தக் கோரிக்கையை ஏற்றிருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.