சேர்த்தா, தனித்தனியா? ஒரு வரிக்கால நாட்குறிப்பு

பிப்ரவரி 8, 2026

எனக்கும் கணவருக்கும் டபிள்யூ-2, அதாவது அமெரிக்க வரித்தாக்கலுக்கான வருடச் சம்பளச் சான்று, கைக்கு வந்துவிட்டது. கல்யாணம் ஆனதிலிருந்து கூட்டாகவே வரித்தாக்கல் செய்து வருகிறோம். இந்த வருடம் என் கல்விக்கடனை யோசிக்காமல் அப்படிச் செய்ய முடியாது. வருமானத்தைப் பார்த்துக் கடன் தவணை போடும் ‘சேவ்’ திட்டத்தில் நான் இருந்தேன், அது நீதிமன்றத்தில் முடங்கிப்போனது. போன ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டத்தின்படி அதே மாதிரி ‘ராப்’ என்ற புதுத் திட்டம் வரும் ஜூலை 1 முதல் அமலாகிறது. மாதத் தவணையை வரிப் படிவத்திலுள்ள ஏஜிஐ, அதாவது சில கழிவுகள் போக வரும் வருட வருமானத்தை வைத்துத்தான் நிர்ணயிப்பார்கள். கூட்டாகத் தாக்கல் செய்தால் கணவர் சம்பளமும் அதில் சேரும். தனித்தனியாகச் செய்தால் என்னுடையது மட்டும்.

பிப்ரவரி 22

இன்று சாப்பாட்டு மேசையில் கணக்குப் போட்டோம். பள்ளியில் பேச்சுப் பயிற்சியாளராக எனக்கு வருடத்துக்கு 62,000 டாலர், அவருக்கு 98,000. ராப் திட்டத்தில் வருமானம் ஏற ஏற விகிதமும் ஏறும். 60,000-ஐத் தாண்டினால் 6 சதவீதம், ஒரு லட்சத்தைத் தாண்டினால் 10. பிள்ளை ஒன்றுக்கு மாதம் 50 டாலர் கழிவு. என் வருமானம் மட்டும் என்றால், மகளை என் படிவத்தில் காட்டி, மாதம் 260 டாலர். இரண்டும் சேர்ந்தால் 1,260-க்கு மேல். அதே நான், அதே கடன், மாதம் ஆயிரம் டாலர் வித்தியாசம்! அவர் கால்குலேட்டரை வாங்கி மறுபடியும் தட்டிப் பார்த்தார்.

தனித்தனியாகப் போட்டால் வரி கூடும் என்பதும் உண்மை. கடன் வட்டிக்கான 2,500 டாலர் வரை உள்ள கழிவு கிடைக்காது, வரி அடுக்குகளும் கொஞ்சம் பாதகமாகும். எங்களுக்கு அது வருடத்துக்கு எழுநூற்றுச் சொச்சம்தான். வருமானத்தை வைத்தே தவணை போடும் பழைய ஐபிஆர் திட்டத்தையும் பார்த்தோம். நான் 2014 ஜூலைக்கு முன்பே முதல் கடன் வாங்கியவள் என்பதால் அதில் 15 சதவீத விகிதம். ராப் அதைவிடக் குறைவு.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்கிறேன். நான் அரசுப் பள்ளியில் வேலை செய்கிறேன். 120 தவணை முடிந்தால் மீதிக் கடன் தள்ளுபடி. அதனால்தான் தவணை குறைவது எனக்கு நிஜமான லாபம். சின்னக் கடனை நாலைந்து வருடத்தில் அடைத்துவிடப் போகிறவர்கள் கூட்டாகவே தாக்கல் செய்யட்டும். வீணாக வரி கட்ட வேண்டாம்.

மார்ச் 7

டாலஸிலிருந்து தங்கை பேசினாள். “அக்கா, நாங்களும் உன்னை மாதிரியே தனியா போட்டுடட்டுமா?”

“அவசரப்படாதேடி. நீ டெக்சாஸ்ல இருக்கே.”

நாங்கள் இருக்கும் நியூஜெர்சியில் அவரவர் சம்பளம் அவரவர் படிவத்தில். டெக்சாஸ், கலிஃபோர்னியா, வாஷிங்டன் உள்பட ஒன்பது மாநிலங்களில் கல்யாணத்துக்குப் பின் சம்பாதிப்பது இருவருக்கும் பொது. தனித்தனியாகத் தாக்கல் செய்தாலும் இரண்டு சம்பளத்தையும் கூட்டிப் பாதிப் பாதியாகக் காட்ட வேண்டும், அந்தப் பிரிவைக் காட்டும் 8958 படிவத்தோடு. கடன் இருப்பது அவள் பேரில், சம்பளம் அதிகம் மாப்பிள்ளைக்கு. பாதியாகப் பிரித்தால் அவளுடைய ஏஜிஐ ஏறிவிடும். கடன் வாங்கியவரே அதிகம் சம்பாதிப்பவராக இருந்தால் இதே விதி அவருக்குச் சாதகம். இது தெரியாமல் வாட்ஸ்அப் குழுவில் “எல்லாரும் தனியா போடுங்க” என்று எழுதுகிறார்கள். படிக்கவே பதறுகிறது.

மார்ச் 21

மகள் பன்னிரண்டாம் வகுப்பு. “நீங்க தனியா போட்டா எனக்கு எய்டு கூடுமாம்மா?” என்று கேட்டாள். கூடாது. கல்லூரிப் பண உதவிக்கான மத்திய அரசு விண்ணப்பமான ஃபாஃப்சா பெற்றோர் இருவர் வருமானத்தையும் கூட்டித்தான் பார்க்கும். கூட்டுத் தாக்கல் என்றால் பெற்றோரில் ஒருவர் விவரம் தந்தால் போதும். தனித்தனி என்றால் இருவரும் தனித்தனிக் கணக்கு திறந்து, தனித்தனியாகச் சம்மதம் கொடுக்க வேண்டும். ஒருவர் கொடுக்காவிட்டாலும் மத்திய அரசு உதவி கிடைக்காது. இந்த இலையுதிர் காலத்துக்கான விண்ணப்பம் 2024 வரிக் கணக்கைத்தான் பார்க்கிறது. இப்போது செய்யும் தாக்கல் அவளுடைய இரண்டாம் வருட விண்ணப்பத்தில்தான் தெரியும்.

அவள் கல்லூரிக்குப் போனதும் இன்னொரு செலவு வரும். தனித்தனியாகத் தாக்கல் செய்யும் தம்பதிக்கு கல்லூரிச் செலவுக்காக 2,500 டாலர் வரை கிடைக்கும் அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி வரிச்சலுகை இல்லை. அதையும் கூட்டிப் பார்த்தேன். வருடத்துக்கு வரியில் கூடுவது மூவாயிரத்துச் சொச்சம், தவணையில் மிச்சமாவது பன்னிரண்டாயிரம். அப்போதும் தனித்தனிதான் எங்களுக்கு ஒத்துவரும்.

ஏப்ரல் 11

இரண்டு படிவங்களும் போய்ச் சேர்ந்தன. மகள் என் படிவத்தில். நாளைக்குச் சட்டமோ வேலையோ மாறினால், தனித்தனியாகச் செய்ததை மூன்று வருடத்துக்குள் 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவம் போட்டுக் கூட்டாக மாற்றலாம். கூட்டாகச் செய்ததைக் கெடு தாண்டிய பிறகு பிரிக்க முடியாது. முடிவெடுக்காதவர்களுக்கு ஏப்ரல் 15 வரை நேரம் இருக்கிறது. தங்கை அங்கே வரி பார்ப்பவரிடம் திங்கட்கிழமை போகிறாள். இருவர் சம்பளச் சீட்டும், கடன் பாக்கிக் கடிதமும் கையோடு எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன்.