கறுப்பு நிறம், டேட்டிங் ஆப், ஒரு நல்ல போட்டோ

அமெரிக்காவில் பெரும்பாலான ஆண்கள் கறுப்பினப் பெண்களைக் குறைவாகவே மதிப்பிடுவதை ஓகேகியூபிட் என்ற டேட்டிங் தளம் 2014-ல் வெளியிட்ட கணக்கு காட்டியது. இங்கே ஷாதி டாட் காம் என்ற திருமணத் தளம், தோல் நிறத்தை வைத்து வரன் தேடும் வடிகட்டியை எடுத்ததே 2020-ல்தான். இதில் குறை நம் பெண்களிடம் இல்லவே இல்லை.

கிருஷ்ணகிரி, தருமபுரித் தங்கச்சிகளே, ஆப்பில் போட போட்டோ எடுக்கும்போது முதலில் கேமராவில் பியூட்டி மோடை அணையுங்கள். பல போன்களில் அது தானாகவே ஓடும். முகம் வெளுத்துவிடும், கழுத்து மட்டும் சொந்த நிறத்தில் நிற்கும். காலை வெயில் ஏறுமுன் ஜன்னலைப் பார்த்து நின்று எடுங்கள். பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் கேமரா வெளிச்சத்தைக் குறைத்து முகத்தை இருட்டாக்கும். திரையில் முகத்தைத் தொட்டால் சரியாகும்.

ஆப்பில் ஆள் தேடும் தூரத்தை 100 கிலோமீட்டர் வைத்தால் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூரோடு பெங்களூரும் வரும். 'பொண்ணு கலரா இருக்கணும்' என்று எழுதியவனிடம் வாதாடாதீர்கள், தள்ளிவிடுங்கள். பணம் கேட்டு ஏமாற்றினால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் அடியுங்கள்.