மார்னர் இல்லாத மேப்பிள் லீஃப்ஸ்

மிச் மார்னர், என்.எச்.எல். எனப்படும் வட அமெரிக்க ஐஸ் ஹொக்கி லீக்கில் ஆடும் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் அணியை விட்டு வேகாஸ் அணிக்குப் போனதைப் பேரிழப்பாகவே பலரும் பேசுகிறார்கள். கடந்த 2024-25 பருவத்தில் 102 புள்ளிகள் (அடித்த கோல்களும் பிறர் அடிக்க உதவியவையும் சேர்ந்த கணக்கு) எடுத்தவருக்கு ஈடாக நிக்கோலா றோய் ஒருவரே வந்திருக்கிறார் என்னும்போது அந்தக் கவலை நியாயமானதுதான். ஆனாலும், அக்டோபர் 8 அன்று மொன்றியலுக்கு எதிராகத் தொடங்கும் 2025-26 பருவத்தை நான் நம்பிக்கையோடு எதிர்பார்க்கிறேன்.

1917இல் தொடங்கி வெவ்வேறு பெயர்களில் ஆடிவந்த இந்த அணியை 1927இல் கொன் ஸ்மைத் தலைமையிலான குழு வாங்கி, இன்றைய பெயரைச் சூட்டியது. அணி வென்ற 13 ஸ்டான்லி கிண்ணங்களில் (லீக்கின் வெற்றிக் கிண்ணம் அது) என் மனதுக்கு மிக நெருக்கமானது 1942ஆம் ஆண்டுக் கிண்ணம். டெட்ரொயிட்டுக்கு எதிரான இறுதித் தொடரில் முதல் மூன்று ஆட்டங்களையும் தோற்று, இன்னும் ஒன்றைத் தோற்றால் எல்லாம் முடிந்துவிடும் என்ற நிலையில், பயிற்சியாளர் ஹப் டே அந்தப் பருவத்தில் அணிக்காக அதிகக் கோல்கள் அடித்திருந்த கோர்டி டிரில்லனையே வெளியில் உட்காரவைத்துவிட்டு, அதிகம் பேசப்படாத டொன் மெட்ஸை ஆடவிட்டார். ஐந்தாவது ஆட்டத்தில் மெட்ஸ் மூன்று கோல்கள் அடிக்க, ரொறன்ரோ 9-3 என வென்றது. பிறகு தொடரையும் 4-3 எனக் கைப்பற்றியது. இறுதித் தொடரில் 0-3 என்ற நிலையிலிருந்து மீண்டு கிண்ணம் வென்ற அணி இன்றுவரை வேறொன்றில்லை.

கடைசிக் கிண்ணம் 1967இல் வந்தது. அந்த ஆண்டே லீக் ஆறு அணிகளிலிருந்து பன்னிரண்டாக விரிந்தது. 1972 முதல் 1990 வரை ஹரோல்ட் பலார்டின் நிர்வாகத்தில் அணி சீரழிந்தது. 1993இல் இறுதித் தொடருக்கு ஒரே ஒரு வெற்றி தேவையாயிருந்தபோது லொஸ் ஏஞ்சலஸிடம் தோற்றது இன்றும் பலருக்கு ஆறாத வடு.

2016இல் ஓஸ்ரன் மத்தியூஸ் வந்தபின் நிலைமை மாறியது, ஆனால் பாதிதான். ஒன்பது பருவங்களில் இரண்டே இரண்டு பிளேஆஃப் (கிண்ணத்துக்கான வெளியேற்றுச் சுற்று) தொடர்களில்தான் வெற்றி கிடைத்தது. 2025 மே மாதம் புளோரிடாவுக்கு எதிரான தொடரில் 2-0 என முன்னிலை பெற்றிருந்தும், சொந்த அரங்கில் நடந்த ஐந்தாவது, ஏழாவது ஆட்டங்கள் இரண்டையும் 1-6 எனத் தோற்றதைப் பார்த்தவர்களுக்கு, திறமைக் குறைவு காரணமல்ல என்பது புரிந்திருக்கும். ஓர் அணி தன் ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்துக் கொடுக்கக்கூடிய 88 மில்லியன் டொலர் ஊதிய உச்சவரம்பில் பாதிக்கும் மேல் மத்தியூஸ், மார்னர், தவாரஸ், வில்லியம் நைலாண்டர் ஆகிய நால்வருக்கே போய்விட்டதால், அந்த நால்வரும் முடங்கும் இரவுகளில் கைகொடுக்க மாறி மாறிக் களமிறங்கும் தாக்குதல் வரிசைகளில் மூன்றாவதிலும் நான்காவதிலும் போதிய வலு இருக்கவில்லை. 11 மில்லியன் வாங்கிவந்த ஜோன் தவாரஸ் இப்போது ஆண்டுக்குச் சுமார் 4.4 மில்லியனுக்கு இசைந்திருப்பதும் (அவருடைய பெருந்தன்மைக்கு உரிய நன்றி இன்னும் சொல்லப்படவில்லை), மார்னரின் விலகலும் சேர்ந்து அந்தக் கட்டமைப்பை மாற்ற இடம் தந்திருக்கின்றன. றோய், டக்கோட்டா ஜோஷுவா போன்ற உடல் வலுவுள்ள ஆட்டக்காரர்கள் வந்திருப்பது, 2019இல் சென் லூயிஸ் அணிக்குக் கிண்ணம் வென்றுகொடுத்தவரும் ரொறன்ரோவின் பயிற்சியாளருமான கிரெய்க் பெருபேயின் ஆட்டமுறைக்குப் பொருத்தமானது.

கடந்த பருவத்தில் புள்ளிப் பட்டியலில் அணி பெற்ற 108 புள்ளிகள் மறுபடி வரும் என்று நான் சொல்லமாட்டேன். மார்னர் கோலுக்கு வழிசெய்தவர் மட்டுமல்ல. ஓர் ஆள் குறைந்து ஆடும் நேரங்களில் பக்கை (ஹொக்கி வட்டை) தடுத்தவரும் அவரே. மத்தியூஸின் உடல்நிலை எல்லாவற்றிலும் முக்கியமானது. ஒரே பருவத்தில் 69 கோல்கள் அடித்தவர், காயங்களால் கடந்த பருவத்தில் 33 கோல்களோடு நின்றுவிட்டார். கோல்காப்பாளர் அந்தோனி ஸ்டோலார்ஸ் 92.6 சதவீதத் தடுப்புடன் லீக்கிலேயே முதலிடம் பெற்றிருந்தும், புளோரிடாவுடனான முதல் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு வெளியேறியபின் அந்தத் தொடரில் மீண்டும் ஆடவில்லை. இவர்கள் இருவரும் நலமாயிருந்தால், அணி பிரிவில் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ முடித்து, பிளேஆஃபில் சென்ற ஆண்டைவிட ஒரு சுற்றாவது கூடுதலாக முன்னேறும் என்பது என் கணிப்பு. மத்தியூஸின் வலப்புறம் யூட்டாவிலிருந்து வந்த மத்தியாஸ் மச்செல்லி ஆடுவாரா, வேறொருவரா என்பதை முதல் சில வாரங்களில் கவனித்தால் போதும், பெருபே எந்தத் திசையில் போகிறார் என்பது தெரிந்துவிடும்.