கண்ணகி கேள்வியில் கோடு எங்கே விழ வேண்டும்: தமிழ் இலக்கியம் இரண்டாம் தாளுக்கு ஒரு குறிப்பு

குடிமைப் பணித் தேர்வு முடிவு வந்த சூட்டோடு எழுதுகிறேன். பட்டியலில் எண் இருந்த நிம்மதி ஒரு பக்கம். தமிழை விருப்பப் பாடமாக எடுத்த பலரும் ஒரே இடத்தில் மதிப்பெண்ணைக் கைநழுவ விடுகிறார்களே என்ற ஆதங்கம் இன்னொரு பக்கம். எந்த உரை வாங்குவது, எத்தனை முறை எழுதிப் பார்ப்பது என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். குடிமைப் பணி முதன்மைத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு அது தெரியும். இது ஒரே ஒரு வகைக் கேள்விக்கான குறிப்பு.

கண்ணகி செய்தது முறையா? மதுரை எரிந்தது அறமா? பாண்டியன் குற்றவாளியா, ஊழின் கருவியா? எப்படி மாற்றிக் கேட்டாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: பழிவாங்குதல் எப்போதாவது நியாயமாகுமா? கோவலனைக் கள்வன் என்று பாண்டியன் கொல்வித்ததையும் கண்ணகி மதுரையை எரித்ததையும் சொல்லும் சிலப்பதிகார மதுரைக் காண்டம் முழுவதும் பாடத்தில் இருப்பதால் இதைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது.

விடையின் பாதி மதிப்பெண் கோடு போடுவதில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. நீதி எந்த அடியில் முடிகிறது, பழி எந்த அடியில் தொடங்குகிறது என்று காட்டுங்கள். "நியாயமே" என்று எழுதினாலும் "நியாயமன்று" என்று எழுதினாலும் கோடு இல்லாத விடை மேடைப் பேச்சாகிவிடும்.

கோடு விழும் இடம் வழக்குரை காதையின் கடைசியில் இருக்கிறது. "யானோ அரசன் யானே கள்வன்... கெடுகவென் ஆயுள்" என்று சொல்லி மன்னன் விழுகிறான். "கணவனை இழந்தோர்க்குக் காட்டுவது இல்" என்று தேவியும் விழுகிறாள். வழக்கு அங்கே தீர்ந்துவிட்டது. புகார் சொன்னவள் சான்று காட்டினாள், சிலம்பு உடைந்து மணி தெறித்தது, குற்றவாளி குற்றத்தை ஒப்புக்கொண்டான், தண்டனையைத் தானே வாங்கிக்கொண்டான். ஒரு நீதிமன்றம் இதற்கு மேல் தருவதற்கு ஒன்றும் இல்லை. அடுத்த காதையின் பெயரோ வஞ்சின மாலை; வஞ்சினம் என்றால் சூளுரை. வழக்கு, வஞ்சினம் என்ற இரண்டு தலைப்புகளே கோட்டைப் போட்டுத் தருகின்றன. இதை விடையின் இரண்டாவது வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கோட்டுக்கு முன்னால் உள்ள பகுதிக்கு ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் போதும். கொலைக்களக் காதையில் மன்னன் "தேரான் ஆகி", அதாவது ஆராயாதவனாகி, ஊர்காப்பாளரைக் கூவுகிறான். வழக்குரை காதையில் கண்ணகி அவனை விளிப்பது "தேரா மன்னா". நம் பாடத்திலுள்ள செங்கோன்மை அதிகாரத்தின் முதல் குறள் (541) முடிவது "தேர்ந்துசெய் வஃதே முறை" என்று. ஒரு வினைச்சொல் மூன்று இடத்தில் நிற்கிறது. கண்ணகி மன்னனைக் கொடியவன் என்றோ பொய்யன் என்றோ தொடங்கவில்லை, "நீ தேரவில்லை" என்கிறாள். அது வசை அல்ல, குற்றச்சாட்டு. சட்டப்படி எது தவறியதோ அதை மட்டும் சொல்கிறாள். உடனே ஆவின் கண்ணீருக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழனை முன்னுதாரணமாகக் காட்டுகிறாள். அதுவரை அவள் பேச்சு வழக்காடுபவரின் பேச்சு.

மன்னனின் மறுமொழியும் சட்டத்தின் மொழியில்தான் வருகிறது: "கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று", கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்று. கொள்கையில் பிழையில்லை. கொலையிற் கொடியாரை ஒறுப்பது களை எடுப்பதற்கு நேர் என்று 550ஆம் குறளே சொல்கிறது. பிழை கொள்கையில் இல்லை, "கள்வன்" என்று யார் தீர்மானித்தது என்பதில் இருக்கிறது. இந்த நுட்பத்தை ஒரு வரியில் தொட்டாலும் விடையின் தரம் மாறும்.

இங்கே ஒரு பக்கக் குறிப்பு. புறநானூற்றில் நமக்குள்ள 182 முதல் 200 வரையான பாடல்களில் 183ஆம் பாட்டு ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாடியது. சிலப்பதிகாரப் பாண்டியனோடு இவனை ஒன்றாக வைத்துப் பேசும் வழக்கு உண்டு. "அறிவுடை யோனாறு அரசுஞ் செல்லும்" என்று பாடியவன் ஒரு பொற்கொல்லன் சொன்ன வழியில் போனான் என்று ஒப்பிடலாம். ஆனால் "இருவரும் ஒருவரே" என்று அடித்து எழுதாதீர்கள், "என்பர்" போட்டு எழுதுங்கள்.

இனி கோட்டுக்குப் பின்னால். விடையில் அதிக நேரம் இங்கே போக வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் இங்கே வந்ததும் "கற்பின் கனலால் மதுரை எரிந்தது" என்று ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

வஞ்சின மாலையில் மூன்று அடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முதலாவது, "முற்பகல் செய்தான் பிறன்கேடு தன்கேடு பிற்பகல் காண்குறூஉம்". இறந்து கிடக்கும் தேவியை நோக்கிக் கண்ணகி சொல்வது. இதோடு 319ஆம் குறளைச் சேர்த்துப் படியுங்கள்: "பிறர்க்கின்னா முற்பகல் செய்யின் தமக்கின்னா பிற்பகல் தாமே வரும்". சொற்கள் ஏறக்குறைய அவையேதான். வள்ளுவரிடம் ஒரு சொல் கூடுதலாக இருக்கிறது: "தாமே". கேடு தானாக வரும், நீ கொண்டுவர வேண்டாம் என்பது அதன் பொருள். கண்ணகியின் வாயில் அந்தத் "தாமே" இல்லை. பழியைப் பற்றி இரண்டு நூல்களுக்கும் உள்ள வேறுபாடு இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. 319 அறத்துப்பாலில் உள்ளது, நம் பாடப்பகுதிக்கு வெளியே. ஆனாலும் ஒப்பீட்டுக்காகச் சேர்க்கலாம்.

இரண்டாவது, "ஒட்டேன் அரசோடு ஒழிப்பேன் மதுரையும்". அந்த "மதுரையும்" என்பதிலுள்ள உம்மைக்கு அடிக்கோடு போடுங்கள். தவறியவன் மன்னன், எரியப்போவது ஊர். ஊர் அவளுக்கு எதிராக நின்றதா என்றால், இல்லை. வழக்குரை காதைக்கு முன்னால் வரும் ஊர்சூழ் வரி என்ற காதையில் மதுரை மக்கள் என்ன சொன்னார்கள்? "களையாத துன்பமிக் காரிகைக்குக் காட்டி வளையாத செங்கோல் வளைந்தது". அவர்கள் அவள் பக்கம் நின்று அழுதவர்கள். பழி குறி தவறிப் பரவுகிறது என்பதற்கு நூலுக்குள்ளேயே கிடைக்கும் சான்று இது. விடையில் இதை விட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது, "கோநகர் சீறினேன் குற்றமிலேன் யான்". மன்னன் முன் வழக்குரைத்தபோது தன் கணவன் கள்வன் அல்லன் என்றுதான் வாதாடினாள். தன்னைப் பற்றிக் "குற்றமிலேன்" என்று சொல்ல வேண்டிய தேவை அங்கே எழவில்லை, இங்கே எழுகிறது. ஏன் என்று நீங்களே இரண்டு வரி எழுதுங்கள். இந்த இடத்தில் மனப்பாடக் குறிப்பு உதவாது.

அடுத்து தீக்கடவுளுக்கு இடும் ஆணை: "பார்ப்பார் அறவோர் பசுப்பத் தினிப்பெண்டிர் மூத்தோர் குழவி எனுமிவரைக் கைவிட்டுத் தீத்திறத்தார் பக்கமே சேர்க". கண்ணகியின் கருணைக்குச் சான்றாக இதைக் காட்டி நிறுத்திவிடுவது வழக்கம். புறநானூறு 9ஐ எடுத்து ஒப்பிடுங்கள். பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடியது. ஆவும், பார்ப்பன மாக்களும், பெண்டிரும், பிணியுடையோரும், புதல்வரைப் பெறாதோரும் "நும்அரண் சேர்மின்" என்று போருக்கு முன் அறிவிப்பது அந்தப் பாண்டியர் மரபின் போர் அறம். கண்ணகியின் பட்டியல் அதே அச்சில் வார்த்தது போல இருக்கிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. முதுகுடுமி மக்களிடம் பேசுகிறான், தப்பிப் போக அவகாசம் தருகிறான். கண்ணகியின் விலக்கு தீயிடம் சொன்னது. மக்களை "கேட்டீமின்" என்று விளித்தபோது அவள் சொன்னது தன் குற்றமின்மையை மட்டும்தான், ஓடிப்போங்கள் என்று அல்ல. ஒரு தனிமனிதப் பழி போர் அறத்தின் உடையைப் போட்டுக்கொள்கிறது, ஆனால் அந்த அறத்தின் முக்கியமான பகுதியான முன்னறிவிப்பை விட்டுவிடுகிறது.

இளங்கோவின் நிலைப்பாடு என்ன என்று கேட்டால், அவருக்கு இந்தத் தீ உறுத்தியிருக்கிறது என்றே நான் எழுதுவேன். மூன்று முட்டுக் கொடுக்கிறார். தீக்கடவுள் "பண்டேயோர் ஏவல் உடையேன்" என்று பழைய ஆணையைக் காட்டுகிறான். கண்ணகி விலக்குப் பட்டியல் தருகிறாள். மதுரையின் காவல் தெய்வமான மதுராபதி வந்து முற்பிறப்புக் கதை சொல்கிறது, கூடவே ஆடித் திங்கள் இருட்பக்கத்து அட்டமியில் மதுரை எரியும் என்ற முன்னுரையும் இருந்தது என்கிறது. தன் காலிலேயே நிற்கும் செயலுக்கு இத்தனை முட்டு எதற்கு?

கட்டுரை காதையில் வரும் அந்த முற்பிறப்புக் கதையைக் கதையாக எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். தேவையானது இவ்வளவு: கோவலன் முன்பிறப்பில் பரதன், சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்வித்தான், சங்கமன் மனைவி நீலி பதினான்கு நாள் அலைந்து சாபமிட்டு இறந்தாள். தெய்வம் கண்ணகியிடம் சொல்லும் வினைமுற்றைக் கவனியுங்கள்: "பட்டனிர்", சாபத்துக்கு ஆளானீர்கள். பன்மை. சாபம் கோவலனோடு நிற்கவில்லை, கண்ணகியும் பட்டாள். அதாவது ஒரு பெண்ணின் நியாயமான கோபம் குற்றமில்லாத இன்னொரு பெண்ணின் வாழ்வை எரித்திருக்கிறது. நீலிக்கும் கண்ணகிக்கும் நடந்தது ஒன்றே: விசாரிக்காமல் கணவனைக் கொன்றது அரசு. பழி அடுத்த பிறவி வரை போய், தன்னைப் போன்ற ஒருத்தியையே பிடிக்கிறது. பழிவாங்குதலுக்கு எதிராகச் சிலப்பதிகாரத்திலிருந்து வைக்கக்கூடிய வலுவான வாதம் இது. கட்டுரை காதையைக் கடைசி நாளில் புரட்டுகிறவர்களுக்கு இது கிடைக்காது.

எதிர்வாதமும் ஒரு பத்தி வேண்டும். தண்டிக்கும் உரிமையை வள்ளுவர் வேந்தனிடம் கொடுக்கிறார், "ஒத்தாங்கு ஒறுப்பது வேந்து" (561). வேந்தனே குற்றவாளியானால் யாரிடம் போவது? 555ஆம் குறள் பதில் தருகிறது: "அல்லற்பட்டு ஆற்றாது அழுதகண் ணீரன்றே செல்வத்தைத் தேய்க்கும் படை". கண்ணீரைப் படை என்கிறார். இந்தக் குறளின் உருவம்தான் கண்ணகி என்று வாதிடலாம். "காய்சினம் தணிந்தன்றிக் கணவனைக் கைகூடேன்" என்று ஊர்சூழ் வரியில் அவள் சொன்னதையும் இங்கே வையுங்கள். அதற்கடுத்த அடியே "தீவேந்தன் தனைக்கண்டு இத்திறம் கேட்பல்யான்". சினமும் கேள்வியும் ஒரே மூச்சில் புறப்படுகின்றன, வழக்குரை காதை வரை ஒன்றாக நடக்கின்றன, பிறகுதான் பிரிகின்றன.

கம்பராமாயணத்தின் கும்பகருணன் வதைப் படலத்தை இந்தக் கேள்விக்குள் கொண்டுவருபவர்கள் குறைவு. கொண்டுவந்தால் தனித்துத் தெரியும். கும்பகருணன் பழிக்காகப் போருக்குப் போகவில்லை. "சானகி துயரினம் தவிர்ந்தது இல்லையோ" என்று அண்ணனையே கேட்டவன், "போர்க்கோலம் செய்து விட்டாற்கு உயிர்கொடாது அங்குப் போகேன்" என்று நன்றிக்காகப் போகிறவன். சூர்ப்பணகையும் மூக்கறுபட்டாள், அவனும் மூக்கிழந்தான். அவள் மூக்கு ஒரு போரையே மூட்டியது. தன் மூக்குக்காக அவன் இராமனிடம் கேட்டதோ, "மூக்கிலா முகம்" என்று எவரும் நோக்காதபடி தலையைக் கடலில் போக்கிவிடு என்பது மட்டும். நாட்டுப்புறக் கதைப்பாடலான முத்துப்பட்டன் கதையில் அவன் மனைவியர் பொம்மக்காவும் திம்மக்காவும் ஏறும் தீ தம் உடலைத்தான் எரிக்கிறது, ஊரை அல்ல என்பதும் ஒரு வரிக்கு உதவும்.

விடை கெடும் இடங்கள்:

"இன்னாசெய் தாரை ஒறுத்தல்" (314) கொண்டு தொடங்குவது. முதல் வரியிலேயே தீர்ப்பு வந்துவிடும், பிறகு வாதிக்க ஒன்றும் இருக்காது.

சிலப்பதிகாரத்தின் முன்னுரையான பதிகம் சொல்லும் மூன்று உண்மைகளை முடிவுரையாக எழுதுவது. அவற்றில் இரண்டைக் கோட்டின் இரு பக்கமும் பிரித்துப் பயன்படுத்துங்கள்: அரசியல் பிழைத்தோர்க்கு அறமே கூற்றாவது முன்பக்கம், ஊழ்வினை பின்பக்கம்.

"தென்னவன் தீதிலன்" என்பதை மதுரைக் காண்டத்து அடியாகக் காட்டுவது. அது வஞ்சிக் காண்டத்து வாழ்த்துக் காதை. தெய்வமான பிறகு கண்ணகி மன்னனை விடுவிக்கும் இடம் என்பதால் எழுதலாம், காண்டத்தின் பெயரோடு.

அடுத்து அரசேறிய, கொற்கையிலிருந்த பாண்டியன் வெற்றிவேற் செழியன் கண்ணகிக்குப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டதை மறப்பது. தேவியின் சிலம்பைப் பொற்கொல்லன் ஒருவன் களவாடியதற்கு ஆயிரம் உயிர். பழியின் கணக்கு எங்கே போய் நிற்கும் என்பதற்கு ஒரு வாக்கியம் போதும்.

சினிமா வசனத்தைக் காப்பிய அடி என்று எழுதுவது.

நேரக் கணக்கு: 250 மதிப்பெண்ணுக்கு 3 மணி என்றால் 15 மதிப்பெண் விடைக்குப் பத்து நிமிடத்துக்குச் சற்று மேல் கிடைக்கும். கதைச் சுருக்கத்துக்கு இரண்டு வாக்கியம். கோட்டுக்கு முன்பகுதி மூன்று நிமிடம், பின்பகுதி ஐந்து. மேற்கோள் ஆறுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றும் ஓர் அடிக்குள். 10 மதிப்பெண் என்றால் கும்பகருணனையும் முத்துப்பட்டனையும் விட்டுவிடுங்கள். "மதுரையும்", "பட்டனிர்" இரண்டையும் விடாதீர்கள்.

கடைசி மூன்று வரியை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள். கட்டுரை காதையில் கண்ணகி கொற்றவை வாயிலில் வளையலை உடைத்துவிட்டு மதுரையை விட்டுப் போகிறாள்: "கீழ்த்திசை வாயில் கணவனொடு புகுந்தேன் மேற்றிசை வாயில் வறியேன் பெயர்கு". அடியை எழுதி, "வறியேன்" என்பதற்கு அடிக்கோடிட்டு, காதையின் பெயரைக் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.