எழுத்தை நம்பிப் பிழைக்க முடியுமா?

எழுதத் தொடங்கியிருக்கும் இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, வேலையை விட்டுவிட்டு முழுநேர எழுத்தாளராகிவிடலாமா என்பது. விட வேண்டாம் என்றே சொல்லி வருகிறேன். அவர்களுடைய திறமையில் எனக்கு ஐயமில்லை. தமிழ்ப் புத்தகத்தின் வரவு செலவைப் பல ஆண்டுகளாக அருகிலிருந்து பார்த்து வருவதால் அப்படிச் சொல்கிறேன்.

பதிப்பகங்கள் வழக்கமாகத் தரும் உரிமைத்தொகை புத்தக விலையில் 10 சதவீதம். 250 ரூபாய் நாவல் ஒன்று விற்றால் எழுதியவருக்கு 25 ரூபாய். முன்பெல்லாம் ஒரு பதிப்பு என்றாலே 1200 பிரதிகள் என்பது தமிழ்ப் பதிப்புலகின் வழக்கம்; தேவைக்கேற்ப அச்சிடும் வசதி வந்த பிறகு நூறு, இருநூறு பிரதிகளிலேயே ஒரு பதிப்பு முடிந்துவிடுகிறது. ஆயிரம் பிரதிகள் விற்றாலும் கைக்கு வருவது 25,000 ரூபாய்தான். அந்த ஆயிரம் விற்பதற்குள் இரண்டு மூன்று சென்னைப் புத்தகக் காட்சிகள் கடந்துபோயிருக்கும். அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் நூலக ஆணை கிடைத்தால் சற்று ஆறுதல், ஆனால் அது எந்த ஆண்டு வரும், பணம் எப்போது வரும் என்று யாராலும் உறுதி கூற முடியாது. வாடகையையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தையும் இதை நம்பித் திட்டமிட இயலாது.

நம் முன்னோடிகள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். தி. ஜானகிராமன் பள்ளி ஆசிரியராக இருந்து பிறகு வானொலிக்குச் சென்றார், லா.ச.ரா. வங்கியில் பணியாற்றினார், சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்தினார், தோப்பில் முகமது மீரான் மிளகாய் வணிகம் செய்தார், சுஜாதா பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளர். இந்தப் பட்டியலைப் பார்த்து, ஐயோ, இவர்கள் முழுநேரமும் எழுதியிருந்தால் எவ்வளவு படைத்திருப்பார்கள் என்று வருந்துவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. மாதச் சம்பளமோ கடை வருமானமோ இருந்ததால்தான் அவர்களால் பத்திரிகைக்காரர் கேட்ட கதையை ஒதுக்கிவிட்டுத் தாம் எழுத விரும்பிய கதையை எழுத முடிந்தது.

எந்த வேலை என்பதும் முக்கியம். அசோகமித்திரன் பத்தாண்டுகளுக்கும் மேலாக ஜெமினி ஸ்டூடியோவில் இருந்தார். ஒரு சிறிய அறையில் உட்கார்ந்து செய்தித்தாள்களிலிருந்து பலதரப்பட்ட செய்திகளைக் கத்தரித்துக் கோப்புகளில் சேர்த்துவைப்பது அவருடைய பணிகளில் ஒன்று. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அவர் சும்மா காகிதம் கிழித்துக்கொண்டிருப்பதாகத் தோன்றியதாம். அத்தகைய வேலை கையைத்தான் கேட்கும், மனத்தைக் கேட்காது. மாறாக, நாள் முழுவதும் பிறருக்காகச் சொற்களைச் சமைக்கும் விளம்பரம், செய்திப்பிரிவு, தொடர் வசனம் போன்ற பணிகள் மொழியோடு நெருங்கியவை என்பதாலேயே புதிய எழுத்தாளரைக் கவர்கின்றன. மாலையில் வீடு திரும்பும்போது தன் கதைக்கென்று ஒரு வாக்கியமும் மிஞ்சாத நிலையில் அவை அவரை விட்டுவிடுகின்றன. கல்கியைப் போல 1941இல் சொந்தப் பத்திரிகையே தொடங்கி, அதையே தம் நாவல்களுக்குக் களமாக்கிக்கொண்டவர்கள் விதிவிலக்கு. புதுமைப்பித்தனோ நாளிதழ் வேலையிலிருந்து திரைப்படத்துக்குப் போய், புனேயில் காசநோய்க்கு ஆளாகி, 1948இல் 42 வயதில் இறந்தார். அவருடைய கடைசி ஆண்டுகளை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும்.

வேலை ஒருபுறம் இருக்கட்டும். எழுத்தைத் தொழிலாகக் கருதுபவர் கட்டாயம் செய்ய வேண்டியது, ஆனால் பெரும்பாலோர் கூச்சத்தால் தவிர்ப்பது, ஒப்பந்தம். பதிப்பாளர் நண்பராகிவிடுகிறார், நண்பரிடம் காகிதம் கேட்பது மரியாதையில்லை என்று நாம் நினைக்கிறோம். சட்டம் அப்படி நினைக்கவில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மாற்றித் தருவது எழுத்து வடிவில் கையொப்பத்துடன் இருந்தால்தான் செல்லும். எந்த நூல், எந்தெந்த உரிமைகள், எவ்வளவு காலம், எந்த நிலப்பகுதி, எவ்வளவு தொகை என்பன அதில் இருக்க வேண்டும். காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், நிலப்பகுதி குறிக்கப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே கொள்கிறது. ஆகவே கையெழுத்திடும் முன் “அனைத்து உரிமைகளும்” என்ற இரண்டு சொற்கள் எங்கே இருக்கின்றன என்று தேடிப் பாருங்கள். அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் ஆகியவை தனித்தனி உரிமைகள். அச்சுக்குக் கேட்பவரிடம் அச்சுரிமையை மட்டும் கொடுங்கள். மொழிபெயர்ப்பு உரிமையைச் சிறிதாக எண்ண வேண்டாம். 2023இல் பெருமாள்முருகனின் நாவல் ஜனனி கண்ணனின் ஆங்கில மொழிபெயர்ப்பில் ஜேசிபி இலக்கியப் பரிசு பெற்றபோது ஆசிரியருக்கு 25 லட்சமும் மொழிபெயர்ப்பாளருக்கு 10 லட்சமும் கிடைத்தன. எல்லோருக்கும் அது வாய்க்காது. ஆயினும் வாய்க்கும்போது உரிமை உங்கள் கையில் இருக்க வேண்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை, நிதியாண்டு முடிந்ததும், கணக்கைக் கேளுங்கள். அச்சிட்டவை, விற்றவை, இருப்பு, பிடித்தம் செய்த வரி ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். நேர்மையான பதிப்பாளர் இதைக் கேட்டதற்காக வருத்தப்படமாட்டார்.

மறைந்த ஒரு எழுத்தாளரின் மனைவி அவருடைய மேசை இழுப்பறையில் கிடந்த காகிதங்களை என் முன் பரப்பி வைத்து, “இதுல எது தம்பி வேணும்?” என்று கேட்டார். பாராட்டுக் கடிதங்களும் கூட்ட அழைப்பிதழ்களும் கட்டுக்கட்டாக இருந்தன. ஒப்பந்தம் ஒன்றுகூட இல்லை. ஆசிரியர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் பதிப்புரிமை குடும்பத்துக்கு உண்டு. பின்னாளில் அரசு அந்த நூல்களை நாட்டுடைமையாக்கி, யாரும் பதிப்பிக்கலாம் என்று விட்டாலும், அதற்குத் தரும் தொகை மரபுரிமையருக்குத்தான் சேரும். அதனால் எந்த நூல் எந்தப் பதிப்பகத்திடம் எந்த ஆண்டு வரை இருக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதி, ஒப்பந்தப் பிரதிகளோடு சேர்த்து, அது வைக்கப்பட்டிருக்கும் இடத்தை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள்.